எழுபத்து மூன்றாம் நிமிடம்

வால்பராய்சோவின் படிக்கட்டுத் தெரு.
எங்கள் கடைக்கும் எதிர்ச் சன்னலுக்கும் நடுவே
ஒரு துணிக்கொடி அகலம்தான்.
பழைய சாமான் கடை, முதலாளி எலெயூத்தேரியோ.
நான் சிமேனா,
அடுத்தவர் கைப்பிசுக்கை
ஈரத்துணியால் துடைக்கிறவள்.

அந்தக் கன்ட்ரோலரை விற்றது
எதிர்வீட்டு நிபால்தோ, பஸ் ஓட்டுகிறவன்.
பிள்ளை பிறந்தாயிற்று, இனி ஆட்டம் கிடையாது என்று
எட்டாயிரம் பேசோவுக்குத் தள்ளிவிட்டுப் போனான்.
கேம் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டான்,
படம் பார்க்கவாம்.

உயிர் இருக்கிறதா என்று
நடுப் பொத்தானை அழுத்தினேன்.
சிமிட்டியது, சிமிட்டியது,
பிறகு அசையாமல் நின்றது வெளிச்சம்.
கடையில் உனக்கு உறவென்று ஒன்றுமில்லையே,
யாரோடு சேர்ந்தாய்?
எதிர்ச் சன்னல் நீலமாக விடிந்தது.
பிள்ளை வீறிட்டது.

அழுத்திப் பிடித்தேன். ஒன்று, இரண்டு,
பத்து வரை.
அணைந்தது.

மறுநாள் ஒரு மாணவன் தொட்டுப் பார்த்தான்:
மறுபடி நீலம், மறுபடி வீறல்.
அப்புறம் ஒரு மாலுமி.
அப்புறம் முதலாளியின் முழங்கை.

நாலாம் நாள் வெறுங்காலோடு வந்து நின்றான் நிபால்தோ,
தோளில் பால் கக்கிய கறை.
"அணைத்துத் தொலையேன்!"
"அணைத்துத்தான் வைக்கிறேன்.
அணைப்பது வேறு, அறுப்பது வேறு.
உன் பெட்டி இன்னும் இதன் பெயரை வைத்திருக்கிறது."

போன் என்றால் பெயர்மேல் விரல் வைத்து
மறந்துவிடு என்றால் போதும்.
லேப்டாப்பில் நீக்கு என்று இருக்கும்.
இரண்டிலிருந்தும் யாஸ்னா என்றைக்கோ எடுத்துவிட்டாளாம்,
அவன் மனைவி, கெட்டிக்காரி.
பெட்டியில் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரவோ
ஒரு கன்ட்ரோலர் வேண்டும்.
இருப்பது இது ஒன்றுதான்.

பின்புறத் துளையில் ஊசி குத்தினாலும் மறக்கும்.
ஊசி முதலாளியின் சட்டைப்பையில்,
சட்டை கில்புவேயில் மச்சினன் கல்யாணத்தில்.

"எடுத்துப்போய் நீயே முடி" என்று நீட்டினேன்.
சூட்டுக்குப் பயந்தவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.
"தொட்டால் விடமாட்டேன்.
நீ இங்கிருந்தே ஓட்டு."

சன்னலில் தலை நீட்டி அவன் வழி சொல்ல,
கடை வாசலில் நின்று நான் அழுத்த,
"கீழே. இன்னும் கீழே. தாண்டிவிட்டாய், மேலே!"
மீன்கூடைக்காரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
எனக்குத் தெரிந்தது
திரையின் ஒரு மூலையும் அவன் காதும்தான்.

"நில்" என்றான் திடீரென்று.
"பாதியில் நிறுத்திய ஆட்டம் ஒன்று கிடக்கிறது.
எழுபத்து மூன்றாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று."
"எனக்குப் பந்தாட்டம் தெரியாது, நிபால்தோ."
"எனக்குத் தெரியும்."

வலது! கொடு! அடி! ஐயோ, அந்தப் பக்கமில்லை!
யாஸ்னாவும் வந்து கத்தினாள்.
மீன்காரி யாரை வைகிறோம் என்று தெரியாமலே வைதாள்.
இத்தனை கூச்சலுக்கும்
பிள்ளை அசையாமல் தூங்கியது.
ஒன்றுக்கு நாலில் தோற்றோம்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.
பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரலில் வாசித்தான்:
"இந்தச் சாதனத்தை மறக்கவா?"
"ஆம் எந்தப் பக்கம்?"
கொஞ்சம் தாமதித்து, "இடது" என்றான்.

அழுத்தினேன்.
உள்ளங்கையில் ஒரு முறை நடுங்கியது.
நில அதிர்வோ என்று கூரைவிளக்கை நிமிர்ந்து பார்த்தேன்,
இந்த ஊர்ப் பழக்கம்.
விளக்கு ஆடவில்லை.
எதிர்த் திரை தன்பாட்டுக்கு எரிந்தது.
கையிலிருந்தது மட்டும்
முன்னைவிட வேகமாகச் சிமிட்டியது.
பத்து எண்ணினேன்.

துடைத்தேன், பிளாஸ்டிக் பையில் போட்டேன்,
பதினாலாயிரம் என்று எழுதி ஒட்டினேன்.

காலையில் சீருடையோடு வாசலில் நின்றான்.
"போய்விட்டதா?"
"இல்லை."
விலைச்சீட்டை உற்றுப் பார்த்து,
"ஏற்றிவிட்டாயே" என்றான்.
கீழே யாரோ ஹாரன் அடிக்க,
இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.